எங்கள் ஊரில் வெடிக்கும் ஸ்டவ்கள்

1. ஸ்டவ்

சிவகாசிப் பக்கம் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், தீக்காயத்தோடு படுத்திருக்கிறவர்களிடம் என்ன ஆச்சு என்று கேளுங்கள். யாராவது ஒருத்தர் கட்டாயம் ஸ்டவ் வெடித்துவிட்டது என்பார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எங்கள் தெருவில் நான் கண்ணால் பார்த்தே பல வருசமாகிறது. எல்லா வீட்டிலும் கேஸ், இல்லாவிட்டால் விறகு. ஆனாலும் எங்கள் ஊரில் ஸ்டவ் வெடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

நான் வேலம்மா. முதலில் பட்டாசு கம்பெனியில் திரி வெட்டினேன், பிறகு தொழிலாளர் சங்க ஆபீசில் விபத்து நஷ்டஈட்டு வேலை பார்த்தேன். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஆபீசை இளவட்டங்களிடம் விட்டுவிட்டேன். அவர்கள் என்னை விடுகிறார்களா? நம் ஆளே இல்லை என்று முதலாளி சாதித்தால் என்னென்ன வழி இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்று ஒரே நச்சரிப்பு. சட்டப் புத்தகம் மாதிரி எழுத எனக்கு வராது. வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். குருவம்மா கேஸைச் சொல்கிறேன். வழியெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

குருவம்மா ஒரு நடுத்தரமான கம்பெனியில் சாட்டை ரூமில் வேலை பார்த்தவள். சாட்டை கயிறு மாதிரி இருக்கும், நுனியில் கொளுத்தினால் பொறியாய்க் கொட்டும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. மருந்து தோய்த்துக் காயவைத்த சாட்டைகளை எடுத்துக் கட்டாக அடுக்குவது அவள் வேலை. பங்குனி மாதம், தகிக்கிற வெயில். அடுக்கும்போது ஒன்றோடொன்று உரசிப் பொறி பறந்தது. கையில் பிடித்திருந்த கட்டு அப்படியே பற்றிக்கொண்டது. வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது, கழுத்திலும் ஒரு பக்கம் காயம். கூட இருந்தவர்கள் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்துவிட்டார்கள். கட்டடம் விழவில்லை, தீயணைப்பு வண்டி வரவில்லை, பேப்பரில் சேதி வரவில்லை. ஒருத்தி கையோடு போயிற்று, அதனால்தான் மறைக்கவும் முடிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி வேனில்தான் கொண்டுபோனார்கள். வழி முழுக்கப் போர்மேன் கருப்பசாமி அவள் காதில் ஓதிக்கொண்டே வந்திருக்கிறார். கம்பெனியில் நடந்தது என்று சொன்னால் சீல் வைத்துவிடுவார்கள், அத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துவிடும், அந்தப் பாவம் உனக்கு எதற்கு, முதலாளி எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று. உயிர் போகிற எரிச்சலிலும் குருவம்மா மற்றவர்களை நினைத்திருக்கிறாள். டாக்டர் கேட்டதும், வீட்டில் ஸ்டவ் வெடித்துவிட்டது என்று தன் வாயாலேயே சொன்னாள். டாக்டரும் எழுதிக்கொண்டார்.

வெளியூர்க்காரர்கள் இதைப் பயம் என்பார்கள். பயம் மட்டும் இல்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் உலை கொதிக்கட்டும் என்று தன் கையை விட்டுக்கொடுக்கிற தப்பு இது. இந்தத் தப்பை எங்கள் ஆட்கள்தான் செய்வார்கள், முதலாளிமாருக்கும் அது நன்றாகத் தெரியும்.

நான் கேள்விப்பட்டுப் போனபோது கை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது செருப்பை.

"யக்கா, என் செருப்பு கம்பெனியிலயே கெடக்கு. ரூம் வாசல்ல விட்டது. செவப்பு நூல் கட்டிருக்கும். சண்முகத்தாய எடுத்து வைக்கச் சொல்லுங்க."

எனக்கு வந்ததே கோபம். கை போய்விட்டது, இவளுக்குச் செருப்பு கேட்கிறதா என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரித் திட்டினேன்.  அவள் சின்னக் குரலில், அது புதுச் செருப்பு என்றாள். சண்முகத்தாய் அவளுக்குப் பக்கத்து வீடு, அதே சாட்டை ரூமில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். போகிற வழியில் அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அதோடு அந்தச் செருப்பை நான் மறந்துபோனேன்.

2. பெருவிரல்

முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்தார். நல்ல மனுசர் போலத்தான் பேசினார். குருவம்மா நம்ம வீட்டுப் பிள்ளை, எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரிச் செலவையும் கொடுத்தார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

காயம் ஆறியது. ஆனால் வலது கை விரல்கள் உள்பக்கமாக இழுத்து ஒட்டிக்கொண்டன. மூடின கை திறக்கவில்லை. தலை பின்ன முடியாது, செம்பு பிடிக்க முடியாது, சாட்டை அடுக்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. புருசன் எப்போதோ வேறு குடித்தனம் போய்விட்டான். காலேஜில் படிக்கிற ஒரு மகள். ஆபரேசன் செய்தால் விரல் கொஞ்சம் நிமிரும் என்று டாக்டர் சொன்னதும் கம்பெனிக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். இன்று போய் நாளை வா என்று இழுத்தடித்தார்கள்.

பிறகு ஒருநாள் கருப்பசாமி ஒரு பேப்பரோடு வீட்டுக்கு வந்தார். எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கும் கம்பெனிக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று டைப் அடித்திருந்தது. குருவம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், அழகாகக் கையெழுத்துப் போடுவாள். வலது கைதான் மடங்கிக் கிடக்கிறதே. இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து உருட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆபரேசனுக்குத்தான் பேப்பர் என்று நினைத்தாளாம்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து அழுதாள். பணத்துக்காக அழவில்லை, படித்த என்னைக் கைநாட்டு ஆக்கிவிட்டார்களே என்றுதான் அழுதாள்.

அந்தப் பேப்பர் செல்லாது. இளவட்டங்களே, இதை முதலில் மனதில் வையுங்கள். நஷ்டஈட்டு உரிமையை எழுதிக் கொடுத்துத் தொலைக்க முடியாது, சட்டம் அதை ஒத்துக்கொள்வதில்லை. சமரசம் பேசினாலும் தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் பதிவு செய்ய வேண்டும். வீட்டு வாசலில் வாங்கின பெருவிரல் ரேகை கோலத்துக்குக்கூட உதவாது.

அடுத்து ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர் என்றால் ஊனத்துக்கான உதவித்தொகையை அங்கேதான் கேட்க வேண்டும், துணை ஆணையரிடம் தனியாகக் கேட்க முடியாது. குருவம்மா பேரில் எதுவும் இல்லை. இத்தனை வருசம் வேலை பார்த்தும் அவளைப் பதிவே செய்யவில்லை. ஆகவே துணை ஆணையரிடம் போவதுதான் எங்கள் வழி என்று முடிவாயிற்று. விபத்து நடந்து இரண்டு வருசத்துக்குள் மனு போட வேண்டும். தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிக்கச் சொல்லலாம், ஆனால் அந்த வம்பு நமக்கு எதற்கு? வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற ஒரு பெண் வக்கீல், அதிகம் பேச மாட்டார், வேலையைச் சுத்தமாகச் செய்வார்.

மனு போடும் முன்னால் ஸ்டவ்வை அணைக்க வேண்டியிருந்தது. குருவம்மா போலீஸ் ஸ்டேசனில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினாள். ஆஸ்பத்திரியில் ஏன் பொய் சொன்னாள், யார் சொல்லச் சொன்னது என்பதையும் எழுதினாள். தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு புகார், முதலாளிக்குத் தபாலில் ஒரு நோட்டீஸ். எல்லாவற்றிலும் இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். போடப் பழகிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

3. பார்த்ததே இல்லை

முதலாளியின் பதில் மனுவைப் படித்துவிட்டு நானும் வக்கீலும் சிரித்தோம். குருவம்மா எங்கள் தொழிலாளியே இல்லை என்று முதலில் இருந்தது. அடுத்த பத்தியில், அந்த ரூமை வேறொருவருக்கு உள்குத்தகைக்கு விட்டிருக்கிறோம், அவர் ஆளாக இருக்கலாம் என்று இருந்தது. அதற்குக் கீழே, வீட்டில் ஸ்டவ் வெடித்ததாக ஆஸ்பத்திரியில் அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில், கம்பெனியில் நடந்திருந்தாலும் அவருடைய கவனக்குறைவே காரணம். எந்தக் கல்லாவது படட்டும் என்று மாமரத்தில் எறிந்த மாதிரி எறிந்திருந்தார்கள்.

ஒவ்வொரு கல்லுக்கும் பதில் இருக்கிறது. உள்குத்தகை, கான்ட்ராக்ட் என்று சொன்னால் மிரளாதீர்கள். கம்பெனி வேலையைக் கம்பெனி வளாகத்தில் கான்ட்ராக்டர் ஆள் செய்தாலும் பெரிய முதலாளியிடமே நஷ்டஈடு கேட்கலாம், அவர் கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளட்டும். கவனக்குறைவு என்பதும் எடுபடாது. குடித்துவிட்டு வந்தாள், வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினாள் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். கை தவறி உரசியதெல்லாம் அதில் வராது. ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தையும் கடைசித் தீர்ப்பு இல்லை, அது பொய் என்று சாட்சியால் காட்டலாம். எங்களுக்கு மிஞ்சி நின்றது ஒரே ஒரு கேள்விதான். அவள் அங்கே வேலை பார்த்தாள் என்று யார் வந்து சொல்வார்கள்? அட்டை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, கையில் வாங்கிய வாரச் சம்பளம்தான்.

முதல் விசாரணைக்கு முதலாளியே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. துணை ஆணையர் ஆபீசுக்கு விருதுநகர் வந்து பஸ் மாறிப் போனதில் நாங்கள் கசங்கிப்போய் நின்றோம். துணை ஆணையர் அதிகம் பேசாத மனிதர். குருவம்மாவைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று முதலாளியிடம் நேராகக் கேட்டார்.

"தெரியாதுங்கய்யா. இந்தம்மாவ இப்பத்தான் பாக்குறேன்."

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் பொரியும் சேலையும் கொடுப்பார்கள். முதலாளியே நின்று ஒவ்வொரு பெண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார், அது அவர் அப்பா காலத்து வழக்கம். வருசா வருசம் அந்தக் கையிலிருந்து குருவம்மா சேலை வாங்கியிருக்கிறாள். அன்று அவள் கட்டியிருந்ததும் அப்படி வாங்கிய சேலைதான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட என் நாக்கு துடித்தது, வக்கீல் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

 திரும்பும்போது பஸ்ஸில் குருவம்மா சொன்னாள்.

"துட்டு கெடைக்குதோ இல்லையோ போகுதுக்கா. நான் அங்கன வேல பாத்தவன்னு அந்த ஆபீசர் எழுதணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

அன்றிலிருந்து எனக்கும் அதுதான் கேஸ்.

4. வாய்தா

குருவம்மா தன் வாக்குமூலத்தைச் சொல்லி முடித்தாள். முதலாளி தரப்பு வக்கீல் அவளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அவர் பெரிய வக்கீல், வாய்தா வாங்குவதில் புலி. ஒருதடவை உடம்புக்கு முடியவில்லை, ஒருதடவை வேறு கோர்ட்டில் கேஸ், ஒருதடவை கட்சிக்காரர் ஊரில் இல்லை. ஒவ்வொரு தடவையும் நாங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தோம். அலைந்து அலைந்து இவள் ஓய்ந்து போவாள் என்று அவருக்குக் கணக்கு.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடிக் கிடந்த நாட்களில் நான் சாட்டை ரூம் பெண்களின் வீடுகளுக்குப் போனேன். சாட்சிக்கு வாருங்கள் என்று கேட்டேன். என்னை உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், சாட்சிப் பேச்சை எடுத்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். சண்முகத்தாய் மட்டும் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"கார்த்திகையில பூச போட்டு கம்பெனி தெறப்பாகக்கா. அப்ப யார வேலைக்குக் கூப்பிடணும்னு அவகதான் முடிவு பண்ணுவாக. நான் சாட்சி சொன்னா என்னக் கூப்பிடுவாகளா?"

தீபாவளிக்குப் பிறகு வருகிற அந்தத் திறப்பு எங்கள் ஊரில் பெரிய பயம். வேன் நம் தெரு முனையில் நிற்குமா, நிற்காமல் போய்விடுமா என்று காலையில் தூக்குவாளியோடு காத்து நிற்கிறவளுக்குத்தான் தெரியும். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கம்பெனி திறந்தது. தை, மாசி என்று வாய்தா போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து அந்த வக்கீலை நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன். குருவம்மா என்னை அடக்குவாள். ஆடி மாதம் ஒருவழியாகக் குறுக்கு விசாரணை முடிந்தது. ஸ்டவ் என்று சொன்னது நீங்கள்தானே என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் சார், நான்தான் சொன்னேன், அது பொய், கம்பெனியைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

உங்கள் தரப்பில் வேறு சாட்சி உண்டா என்று துணை ஆணையர் கேட்டார். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா வாங்கி வாங்கிக் கேஸை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்! நான் வக்கீல் காதில், சாட்சி இருக்கிறது, புரட்டாசியில் ஒரு தேதி கேளுங்கள் என்றேன். அத்தனை விசாரணையிலும் நாங்கள் கேட்டு வாங்கின வாய்தா அது ஒன்றுதான். முதலாளி தரப்பு வக்கீல் ஆட்சேபமே சொல்லவில்லை. தாராளமாகத் தேடிக் கூட்டி வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே போனார்.

5. புரட்டாசி

அவர் படித்தவர், ஆனால் பட்டாசு சீசனைப் படிக்கவில்லை. புரட்டாசியில் வடக்கத்தி ஆர்டர் எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தை நெரிக்கும். லாரி லோடுக்கு நிற்கும். கம்பெனிகள் ஆள் கிடைக்காமல் அலையும். ஒரு கம்பெனி ஆளை இன்னொரு கம்பெனி வேன் வைத்து இழுத்துக்கொண்டு போகும், கூலியைக் கூட்டிக் கேட்டாலும் முணுமுணுக்காமல் கொடுப்பார்கள். கார்த்திகையில் முதலாளி ராஜா என்றால் புரட்டாசியில் நாங்கள் ராஜா.

மறுபடியும் அதே வீடுகளுக்குப் போனேன். ஒருத்தி வந்தால் அவளை நிறுத்துவான், ரூமே வந்தால் யாரை நிறுத்துவான் என்று கேட்டேன். இந்த மாதத்தில் உங்களை நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் வேறு கம்பெனி வேன் வாசலில் நிற்கும் என்றேன். முதலாளி குருவம்மாவைப் பார்த்ததே இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். அது அதுவரை அவர்களுக்குத் தெரியாது. சண்முகத்தாய் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டுச் சேல குடுத்தாகளே," என்றாள். பிறகு, "அம்புட்டுப் பேரும் வந்தா நானும் வாரேன்."

அடுத்த வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்தவளும் அதேதான். மற்றவள் வந்தால் நானும் என்று எல்லாரும் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன, எல்லாரும் வந்தாயிற்று.

விசாரணை அன்று காலையில் வழக்கம்போல் வேன் தெரு முனைக்கு வந்து ஹாரன் அடித்தது. ஒருத்தியும் ஏறவில்லை. நாங்கள் அதற்கு முந்தின பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டோம். விருதுநகர் தாண்டுவதற்குள் போன் மேல் போன். கருப்பசாமி அழாத குறையாகக் கெஞ்சினார், நாளைக்கு லோடு ஏற வேண்டும், முதலாளி என்னைத் தொலைத்துவிடுவார், வந்துவிடுங்கள் தாயி என்று. சண்முகத்தாய் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பஸ் முழுக்க ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது, கோயில் கொடைக்குப் போகிற கூட்டம் என்றுதான் கண்டக்டர் நினைத்திருப்பார்.

6. வாசல்

ஆபீஸ் வராந்தாவில் எங்களைப் பார்த்ததும் முதலாளி தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு பேரா என்று துணை ஆணையரும் கேட்டார். முதலில் சண்முகத்தாய் சாட்சி சொன்னாள். அன்று குருவம்மா தன் பக்கத்தில் உட்கார்ந்து சாட்டை அடுக்கியதையும், பொறி பறந்ததையும், மண் அள்ளிப் போட்டதையும் அடுக்கடுக்காகச் சொன்னாள்.

வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். சங்கம் சொல்லிக் கொடுத்ததைத்தானே ஒப்பிக்கிறீர்கள் என்றார். இல்லை என்றாள். குருவம்மா அங்கே வேலை பார்த்ததற்கு என்ன அத்தாட்சி என்றார். சண்முகத்தாய் மஞ்சள் பையைத் திறந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்தாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நான் மறந்துபோன செருப்பு.

"தீப் பிடிச்சன்னிக்கு மண்ணப் போட்டு அணச்சதும் எல்லாரும் வெறுங்காலோட வெளிய ஓடிட்டோம்யா. பொறவு வந்து அவுக அவுக செருப்பப் போட்டுக்கிட்டோம். இது மட்டும் வாசல்லயே கெடந்துச்சு. குருவம்மா செருப்பு."

வக்கீல் விடவில்லை. இந்தச் செருப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும், இது இவருடையது என்று எப்படிச் சொல்வது என்றார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே கடையில் ஒரே ரகச் செருப்புத்தான் வாங்குவார்கள். செருப்போடு ரூமுக்குள் போகக் கூடாது என்பதால் வாசலில் கழற்றிவிடுவோம், சாயங்காலம் வேனுக்கு ஓடும்போது யாருடையது எது என்று சண்டை வரும். அதனால் ஆளுக்கொரு கலரில் கம்பெனி நூலை வாரில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வது வழக்கம். நானே திரி வெட்டின காலத்தில் பச்சை நூல் கட்டியிருந்தேன்.

சண்முகத்தாய் இவ்வளவெல்லாம் விளக்கவில்லை.

"அவ செவப்பு நூலு கட்டுவா, நான் மஞ்சளு. வெளிய எங்க செருப்பெல்லாம் கெடக்கு, நீங்களே வந்து பாருங்கய்யா."

துணை ஆணையர் எழுந்து வாசலுக்கு வந்தார். நாங்களும் பின்னால் போனோம். ஆபீசில் யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, எல்லாரும் செருப்போடுதான் உள்ளே போய் வருவார்கள். ஆனால் இந்தப் பெண்கள் பழக்கத்தில் வாசலிலேயே வரிசையாக விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே ரகச் செருப்பு. ஒவ்வொன்றின் வாரிலும் மஞ்சள், நீலம், பச்சை, கருப்பு என்று ஒரு நூல் முடிச்சு. சண்முகத்தாய் குனிந்து கையிலிருந்த சிவப்பு நூல் செருப்பைத் தன் மஞ்சள் நூல் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

துணை ஆணையர் ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தான் கண்டதை விசாரணைக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகச் சாட்சி சொன்னார்கள். வக்கீல் அதற்குப் பிறகு அதிகமாக எதுவும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது குருவம்மா தன் பழைய செருப்பை மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

உத்தரவு வந்தது. முதலாளி நஷ்டஈட்டை வட்டியோடு கட்ட வேண்டும், காரணமில்லாமல் இழுத்தடித்ததற்கு அபராதமும் தனியாக. ஐகோர்ட்டுக்கு அப்பீல் போவேன் என்று அவர் குதித்தார். முதலாளி அப்பீல் போக வேண்டுமானால் தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும், இது பலருக்குத் தெரியாது. கட்டினார், அப்புறம் அப்பீலில் அவருக்கு ருசி விட்டுப் போய்விட்டது. கட்டாமலே ஏய்க்கிற முதலாளி என்றால் கலெக்டர் மூலமாக வரிப் பாக்கி வசூலிக்கிற மாதிரி வசூலிக்கலாம். இப்போது பழைய சட்டம் புதுத் தொகுப்புக்குள் போய்விட்டது என்கிறார்கள், பிரிவு எண்களை வக்கீலிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குருவம்மா உத்தரவை வாங்கி, "மனுதாரர் எதிர்மனுதாரரின் தொழிலாளி ஆவார்" என்ற வரியைத் தேடிப் படித்தாள். திரும்பவும் படித்தாள். தொகை எவ்வளவு என்று என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கார்த்திகையில் கம்பெனி திறந்தபோது சண்முகத்தாயை மட்டும் கூப்பிடவில்லை. மற்றவர்கள் கேட் முன்னால் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள், நடக்கவில்லை. அவள் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் பைண்டிங் வேலைக்குப் போகிறாள். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. கேட்டால், மருந்து வாடை இல்லாமல் சோறு தின்கிறேன், உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று என்னையே கேலி செய்கிறாள்.

7. முதல் வார்த்தை

இத்தனை அலைச்சலும் எதனால் வந்தது? ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஒரு வார்த்தையால். நோட்டீஸ், மனு, சாட்சி, அப்பீல் எல்லாம் அதற்குப் பின்னால்தான். டாக்டர் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். கம்பெனிக்குச் சீல் வைப்பார்களே என்றால், வைக்கட்டும், பாதுகாப்பைச் சரிசெய்து திறக்கட்டும். நம் கையை எரித்துத்தான் ஒரு கம்பெனி ஓட வேண்டும் என்றால் அது ஓடவே வேண்டாம். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்வதை விடக் குருவம்மா சொன்னால்தான் எடுபடுகிறது. ஆபரேசனுக்குப் பிறகு இரண்டு விரல் நிமிர்ந்தது, மற்றவை அப்படியேதான். எங்காவது தீக்காயம் என்று கேள்விப்பட்டால் சங்கத்துக்குக்கூடச் சொல்லாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறாள்.

போன பங்குனியில் நானும் கூடப் போயிருந்தேன். கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலமே ஆன ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள், இரண்டு கையிலும் காயம். கூட நின்றது யார் என்கிறீர்கள்? நம்ம கருப்பசாமியேதான். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். அந்தப் பெண் போர்மேன் முகத்தைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் ஸ்டவ் என்று ஆரம்பித்தார்.

குருவம்மா முன்னால் போய்த் தன் வலது கையை டாக்டர் மேஜை மேல் வைத்தாள்.

"எந்தத் தெரு, எந்த வீடு? அந்த ஸ்டவ்வ எடுத்துட்டு வாங்கண்ணே, நானும் பாக்குறேன்."

கருப்பசாமி தலை குனிந்துகொண்டார். அந்தப் பெண் குருவம்மாவின் மடங்கின விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"கம்பெனியிலதான் சார். சாட்ட ரூம்ல."

டாக்டரும் எழுதிக்கொண்டார்.